இடது ஓரத்தில் ஒரு கை

ஏகாம்பரத்தின் அட்டைகளில் இருந்த ஆட்டக்காரர்களுக்கு வயதாகத் தொடங்கியது ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எல்லைக்கல்பேட்டையில் அப்போது மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதால் அதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வடசென்னையில் ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்ட பேட்டை அது. அங்கே நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் பந்து உதைக்கத் தெரியும், ஏகாம்பரம் ஒருவரைத் தவிர. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போய், மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று வளர்ந்தவர் அவர். வளர்ந்து, மார்க்கெட் முனையில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்து, ஊராரின் ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் உறை போட்டுக்கொடுத்தபடி, மிச்ச நேரமெல்லாம் ஆடி ஓய்ந்த கால்பந்து வீரர்களின் கையெழுத்தைச் சேர்த்தார். பழைய பத்திரிகைகளில் தேடி எடுத்த படத்தைத் தடித்த தாளில் அச்செடுத்து, உள்ளங்கை அளவுக்குக் கட்டரில் வெட்டி, கீழே பெயரும் அணியும் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரையும் உள்ளே வைத்து, கோவாவுக்கும் கல்கத்தாவுக்கும் கோழிக்கோட்டுக்கும் கடல் தாண்டியும் அனுப்புவார். ஆறு மாதம் கழித்தோ ஆறு வருஷம் கழித்தோ அட்டை கையெழுத்தோடு திரும்பி வரும். வந்ததும் லேமினேஷன் போட்டு ஆல்பத்தில் செருகிவிடுவார். ஆடிக்கொண்டிருக்கிற யாருக்கும் அவர் அனுப்பியதில்லை.

"ஆடுறவன் பேரைக் கிறுக்கிட்டு ஓடிப்பூடுவான். ஓய்ஞ்சவன்தான் ஒக்காந்து முழுசா எழுதுவான்" என்பார்.

முந்நூற்றுப் பதினாறு அட்டைகள் இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆல்பத்தைத் திறந்தபோது, பந்தைப் பிடிக்க வானத்துக்கு எகிறிக்கொண்டிருந்த கோவா கோல்கீப்பர், தலைமுடி கொட்டி, பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்தில் ஒரு வங்காளத்துத் தடுப்பாட்டக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கடல் தாண்டிய நாட்டுக்காரர் ஒருவர் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சு மாதிரி எதுவோ கொட்டிக்கொண்டிருந்தது. படத்தில் யாரும் இவரைப் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் வயதில், அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கையெழுத்து மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

ஏகாம்பரம் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். எந்த அட்டையிடம் போகிறோம் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்ததால் அவை தயங்கின.

அது ஜோதிலிங்கத்தின் அட்டை. இடது ஓரத்தில் ஓடுபவன், பேட்டையிலிருந்து கல்கத்தா வரை போய் ஒன்பது வருஷம் ஆடியவன். அவன் பந்தோடு கோட்டை ஒட்டி ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே ஏகாம்பரம் தன் தங்கை செந்தாமரையை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் குணத்தை விசாரிக்கவில்லை, குடும்பத்தை விசாரிக்கவில்லை. அந்த ஓட்டம் போதும் என்று நினைத்தார். முழங்கால் போய் அவன் ஊர் திரும்பியபோது, மைதானத்துப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோதெல்லாம், "நான் இன்னும் ஓயல மச்சான்" என்று ஆறு வருஷம் தட்டிக்கழித்தான். ஒருநாள் காலையில் அவனாகவே கடைக்கு வந்து, பேனா வாங்கி, முழுப் பெயரும் எழுதி, "வரேன் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். கையெழுத்து கிடைத்த சந்தோஷத்தில் ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தோளில் பை தொங்கியதை அவர் கவனிக்கவில்லை. எதிர்க்கடைக்காரர்தான் பிறகு சொன்னார். அது நடந்து பதினோரு வருஷம்.

அட்டையில் இப்போது ஜோதிலிங்கத்தின் மார்புக்கு மேலே மட்டும் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போய், தாடி நரைத்து, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறவன் போல வாயைக் கொஞ்சம் திறந்திருந்தான். பின்னால் பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர்.

எட்டு நாள் அதை அவர் தங்கையிடம் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவளே கடைக்கு வந்து, ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் அழவில்லை.

"எளச்சிட்டாரு" என்றாள். பிறகு, "உயிரோட கீறாரு" என்றாள்.

லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில், கண்ணில் படும் உயரத்தில் அட்டையைச் சாய்த்து வைத்தார்கள். அன்று முதல் அது ஊருக்குப் பொதுவானது.

ஊர் எதற்கும் பழகிவிடும். கால்வாய் நாற்றத்துக்குப் பழகியது போல, ரயில் சத்தத்துக்குப் பழகியது போல, அட்டைகளுக்கும் எல்லைக்கல்பேட்டை பழகியது. காய்கறி வாங்க வந்தவர்கள் கத்தரிக்காய்ப் பையோடு நின்று, கோவாக்காரர் இன்றைக்கு என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். வங்காளத்துக்காரரைப் பெண்கள் "தூங்குமூஞ்சி மாமா" என்று கூப்பிட்டார்கள். கம்பளிக் குல்லாய்க்காரருக்கு வெயில் வந்த அன்று டீக்கடையில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பேட்டையிலேயே இருந்த பழைய கோல்கீப்பர் தனகோட்டியின் மனைவி கெஜலட்சுமி, சாயங்காலமானால் கடைக்கு வந்து தன் புருஷனின் அட்டையைப் பார்த்து, பின்னால் தெரியும் சுவரை வைத்து அவர் எந்த இடத்தில் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடித்து நேரே அங்கே போனாள். தனகோட்டி ஏகாம்பரத்திடம் வந்து, "கொஞ்சம் குப்புறப் போட்டு வைய்யேன்பா, புண்ணியமாப் போவும்" என்று கேட்டுக்கொண்டார். வார்டு கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, ஃப்ளெக்ஸ் பேனர்களில் இப்படி ஆகுமா என்று விசாரித்தார். ஆகாது என்றதும் நிம்மதியாகப் போனார். மைதானத்தில் ஆடும் இளைஞர்கள் மட்டும் அந்தக் கடையில் தங்கள் படத்துக்கு உறை போடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஜோதிலிங்கத்தை மட்டும் யாரும் கிண்டல் செய்யவில்லை. மற்றவர்கள் எல்லாம் எங்கோ பத்திரமாக இருந்தார்கள். இவன் நம்மாள், கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தான். முடிவெட்டும் கடை வைத்திருந்த முனிரத்தினம் அட்டையைப் பார்த்து, "கத்திரி பட்டு ஆறு மாசம் இருக்கும்" என்று கணக்குச் சொன்னார். பெயரை எழுதிக் காட்டிப் பார்த்தார்கள், ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவன் ஆடிய பழைய மேட்ச்சின் வர்ணனையை டேப்பில் போட்டு அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் செந்தாமரையிடமிருந்து அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அட்ரஸ் இல்லியேம்மா" என்று வருத்தத்தோடே திருப்பிக் கொடுத்தார்.

ஆவணியில் ஒருநாள் அவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பின்சுவரில் ஒரு காலண்டர் தெரிந்தது. உருண்டை உருண்டையான எழுத்து. மேம்பால வேலைக்கு வந்திருந்த பிரமோத் என்பவரை அழைத்து வந்தார்கள். அவர் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒடியா எழுத்து என்றார். ஏதோ மளிகைக் கடைக் காலண்டர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் என்று போட்டிருக்கிறது. ஊர்ப் பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் தெரிகின்றன.

"பூர்" என்றார் பிரமோத். "அதுக்கு முன்னாடி வெட்டிடுச்சு அண்ணா."

ஏகாம்பரம் அட்டையின் விளிம்பைப் பார்த்தார். நேர்க்கோட்டில், பிசிறில்லாமல், அவரே கட்டரில் வைத்து வெட்டிய விளிம்பு. அரை அங்குலம் தள்ளி வெட்டியிருந்தால் ஊர்ப் பெயர் முழுசாக உள்ளே இருந்திருக்கும். அன்று சாயங்காலம் கடையின் பழைய மூட்டைகளை எல்லாம் அவிழ்த்து, வெட்டியெடுத்த அந்தக் காகித நறுக்கு எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடினார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பெருக்கித் தள்ளியது. அது கிடைக்காது என்று தெரிந்தே கடைசி மூட்டை வரை தேடினார். செந்தாமரை வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் அவர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். ஒடிசாவில் பூர் என்று முடிகிற ஊர்கள் எத்தனை என்று பிரமோத் ஊரிலேயே சொல்லியிருந்தார், ஆனால் வரைபடத்தில் பார்ப்பது வேறு, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நடப்பது வேறு. ஒவ்வோர் ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மளிகைக் கடை இருந்தது. ஒவ்வொரு கடைக்காரரும் அட்டையைப் பார்த்தார், இல்லை என்று தலையை ஆட்டினார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஆறாவது ஊரில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. கடை ஓரத்தில் ஒதுங்கி நின்று அட்டையை எடுத்துப் பார்த்தபோது, ஜோதிலிங்கம் ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த மழைதான். இந்த ஊர்தான். அவர் மழையில் இறங்கி, தெருத் தெருவாக, பச்சைச் சுவர் தெரிந்த வாசலில் எல்லாம் நின்று, "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். கதவைத் திறந்தவர்களின் முகத்தில் பரிதாபம் இருந்தது. ஊரின் கடைசித் தெருவில் ஒரு ரேடியோ, கடற்கரை நெடுக நானூறு மைலுக்கு அதே மழை பெய்துகொண்டிருப்பதாகச் சொன்னது. பாஷை புரியாத அவருக்கு அதைக் கையால் காட்டி விளக்கினார் ஒரு தையற்காரர்.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். கால் வீங்கியிருந்தது. செந்தாமரை வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

"போதும்ணா" என்றாள். "நீயும் தொலஞ்சிட்டா நான் எந்த அட்டையப் பாக்கறது?"

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள், அட்டையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்தது.

பெண்ணின் கை. கறுத்த கை, மணிக்கட்டில் அடுப்பு சுட்ட தழும்பு, நான்கைந்து பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஒரு ஸ்பூனைப் பிடித்திருந்தது. தண்ணீர் ஊற்றிய சோற்றை அள்ளி அவன் வாயில் ஊட்டியது. முதலில் பார்த்தவள் கெஜலட்சுமி. அவள் உடனே அட்டையைத் தன் முந்தானையால் மூடினாள். ஆனால் செந்தாமரை ஏற்கெனவே பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. அது ஆஸ்பத்திரி ஆயாவின் கை என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் யார் ஊட்டிவிடுகிறார்கள் என்று கேட்டார்கள் மற்றவர்கள். அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னார்கள் செந்தாமரையின் தோழிகள். முனிரத்தினம் மட்டும், "ஆளு கொஞ்சம் தேறியிருக்கான்" என்று தன் தொழில் கண்ணால் பார்த்ததைச் சொன்னார், சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார். ஏகாம்பரம் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஓட்டத்தை நம்பிக் கொடுத்தது நான்தானே என்று அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செந்தாமரை நாற்பது நாள் கடைப் பக்கம் வரவில்லை. தான் வேலை செய்த துணிக் கிடங்குக்குச் சுற்றுவழியாகப் போனாள். நாற்பத்தோராம் நாள், ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம், குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து அட்டைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அப்போது அந்தக் கை அவன் தலையில் எண்ணெய் வைத்து, சீப்பால் வாரிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வலப்பக்கம் வகிடு எடுக்கறா" என்றாள். "அவருக்கு எடப்பக்கம்."

ஏகாம்பரம் மெஷினை அணைத்தார்.

"எவளா இருந்தா இன்னா. கஞ்சி குடிக்க வெச்சிட்டா பாரு. எங்கிட்ட இருந்தப்போ தட்டைத் தள்ளிடுவாரு."

அதன்பின் அவள் தினமும் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் டிபன் டப்பாவையும் அங்கேயே பிரித்தாள். கை ஊட்டும்போது இவளும் சாப்பிட்டாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் அந்தக் கை உள்ளே வந்து சரிசெய்யும். மாத்திரையை அவன் நாக்கடியில் ஒளித்து வைத்தால் கன்னத்தைத் தட்டித் தண்ணீர் கொடுக்கும். அவன் சிரித்தான் என்றால், அட்டையில் தெரியாத ஒரு முகத்தைப் பார்த்துச் சிரித்தான் என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க ஊரில் எல்லோருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அந்தக் கை மணிக்கட்டுக்கு மேல் உள்ளே வரவே இல்லை.

தை மாதம் ஒருநாள் கையில் துணிக்கட்டு இருந்தது. செந்தாமரை சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"இன்னா ஆச்சிண்ணா அவளுக்கு?"

"தெரியலம்மா."

"சோறு வடிக்கும்போது கொட்டிக்கினாளோ?"

கட்டு ஒரு வாரத்தில் போனது. ஆனால் அதன் பிறகு கை இளைத்துக்கொண்டு வந்தது. வளையல்கள் லூசாகி, கையைத் தூக்கினால் முழங்கையை நோக்கிச் சரிந்து கண்ணிலிருந்து மறைந்தன. ஸ்பூன் நடுங்கியது. பாதிச் சோறு அவன் சட்டையில் சிந்தியது. பிறகு ஸ்பூனைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. இரண்டாவது கையை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. டீக்கடையில் மருந்து சொன்னார்கள். கெஜலட்சுமி ரத்தம் ஊற பேரீச்சம்பழம் நல்லது என்றாள். பேரீச்சம்பழத்தை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. மார்க்கெட்டே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆயிரம் கைகள் அங்கே இருந்தன, ஒன்றாலும் ஒன்றும் ஆகவில்லை.

மாசியில் கை வரவில்லை. ஒருநாள் வரவில்லை, இரண்டு நாள் வரவில்லை. ஜோதிலிங்கம் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்தான்கள் மாறிக்கிடந்தன. வகிடு கலைந்து, முடி நெற்றியில் விழுந்தது. ஆறாம் நாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மூன்று நாள் அந்தக் கைகளை எடுக்கவில்லை.

"பூட்டாண்ணா" என்றாள் செந்தாமரை.

"ஊருக்குப் போயிருக்கலாம். ஆஸ்பத்திரியில இருக்கலாம்."

"மூஞ்சிய மூடிக்கினாரே, அது போதும்." அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "அவளுக்குக் காரியம் பண்ணனும். அங்க யார் இருக்காங்களோ, பண்ணாங்களோ இல்லியோ."

ஊரில் அதற்கும் பேச்சு எழுந்தது. புருஷனை வைத்துக்கொண்டவளுக்குக் காரியம் செய்கிற பெண்டாட்டியை எங்கே பார்த்தோம் என்றார்கள். பேர் தெரியாதவளுக்கு எந்தப் பேரைச் சொல்லிப் படைப்பது என்று கேட்டார் பூசை செய்ய வந்தவர். "பேர் தெரியாதுங்க. கைதான் தெரியும்" என்றாள் செந்தாமரை. போட்டோ வைக்கும் இடத்தில் ஒரு தட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்களை வைத்தாள். என்ன பிடிக்கும் என்று தெரியாததால், அவனுக்கு அவள் எதையெல்லாம் ஊட்டினாளோ அதையெல்லாம் சமைத்தாள்: தண்ணீர் ஊற்றிய சோறு, கடுகு அரைத்த கீரை, சின்ன மீன் வறுவல். பேசியவர்கள் எல்லோரும் பந்திக்கு வந்தார்கள். கெஜலட்சுமி அழுதபடியே பரிமாறினாள். தனகோட்டி அன்றைக்குக் குடிக்கவில்லை. ஊருக்குத் தெரியாத ஒருத்திக்காக ஊர் தலை முழுகிவிட்டுச் சாப்பிட்டது.

எல்லாம் முடிந்து, இலை எடுத்த மத்தியானம், அண்ணனும் தங்கையும் கடைக்கு வந்தார்கள். ஏகாம்பரம் ஷட்டரைத் தூக்கினார். அட்டையில் ஜோதிலிங்கம் முகத்திலிருந்து கையை எடுத்திருந்தான். தாடியில் காய்ந்த பருக்கை ஒட்டியிருந்தது, எத்தனை நாள் பருக்கையோ. உதடு வெடித்திருந்தது. இடது ஓரத்தைப் பார்த்தபடி வாயைத் திறந்து, ஊட்டுவதற்குக் காத்திருக்கிறவன் போல அப்படியே வைத்திருந்தான்.

செந்தாமரை நின்றபடியே பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி, அந்தக் கை எங்கேயிருந்து வருமோ அந்த இடது ஓரத்தில், லேமினேஷன் மேல் விரல்களை வைத்து, மெதுவாக உள்ளே நகர்த்தினாள். அட்டை உள்ளங்கை அளவுதான். அவள் கை உள்ளே போகப் போக முதலில் அவன் தோள் மறைந்தது, பிறகு வாய், பிறகு கண். கடைசியில் அட்டையே தெரியவில்லை, அவள் கை மட்டும் தெரிந்தது. எடுத்தால் பார்க்கலாம், எடுத்தால் தொடமுடியாது. அவள் எடுக்கவில்லை.

"சாப்டுங்க" என்றாள் தன் புறங்கையைப் பார்த்து.

யாரோ ரேஷன் கார்டுக்கு உறை போட வந்து வாசலில் நின்றார்கள். ஏகாம்பரம் சத்தம் போடாமல் கையைக் காட்டி, அவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்.